சேவல் கூவிய முற்றமும் கலிலேயாக் கரையும்

புனித நாட்டுக்குப் போய் வருகிறவர்கள் பெரும்பாலும் பெத்லகேமைப் பற்றியும் வெறுமையான கல்லறையைப் பற்றியும்தான் சாட்சி சொல்வார்கள். என் மனம் வேறு இடங்களில் நின்றுவிட்டது. என்னோடு சேர்ந்து கடை நடத்திய நண்பர், ஆலயத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து பாடியவர், சரக்கு வாங்க வைத்திருந்த பணத்தை எனக்குத் தெரியாமல் எடுத்துவிட்டார். அந்தக் கசப்போடுதான் விமானம் ஏறினேன்.

எருசலேமில் இயேசு பிடிபட்ட கெத்செமனே தோட்டத்தில் கூட்டமெல்லாம் 1924-இல் கட்டி முடித்த பெரிய ஆலயத்துக்குப் போகிறது. இயேசு வியாகுலப்பட்டு ஜெபித்ததாகச் சொல்லும் பாறை அங்கேதான் இருக்கிறது. ஆனால் மரியாளின் கல்லறைக்குப் பக்கத்தில் ஒடுக்கமான வழியாகப் போனால் ஒரு குகை வருகிறது. சீஷர்களில் ஒருவனான யூதாஸ் இயேசுவை முத்தமிட்டுக் காட்டிக்கொடுத்த இடம் என்பது மரபு. எங்கள் சேகரத்துப் போதகர் அங்கே மத்தேயு 26-ஆம் அதிகாரத்தை வாசித்தார். முத்தமிட்டவனை ஆண்டவர் "சிநேகிதனே" என்றுதான் அழைக்கிறார். சில மணி நேரத்துக்கு முன்னால் அவன் கால்களையும் கழுவியிருந்தார், அதுவும் எல்லாம் தெரிந்தே. எனக்குத் தெரிந்திருந்தால் நண்பரை வாசலிலேயே நிறுத்தியிருப்பேன்.

சீயோன் மலையின் கிழக்குச் சரிவில் சேவல் கூவிய ஆலயம் இருக்கிறது. கூரைச் சிலுவையின்மேல் பொன்னிறச் சேவல். இயேசுவை விசாரித்த பிரதான ஆசாரியர் காய்பாவின் வீடு இங்கே இருந்தது என்ற மரபின்படி 1931-இல் எழுப்பியது. கீழே பாறையில் குடைந்த ஆழமான குழி ஒன்று உண்டு. அந்த இரவில் இயேசுவை அதில் வைத்திருந்தார்கள் என்று நம்புகிறார்கள். அங்கே இறங்குகிறவர்கள் 88-ஆம் சங்கீதத்தை வாசிப்பது வழக்கம். சிநேகிதரும் தோழரும் தூரமாய்ப் போனார்கள், எங்கும் இருள் என்று முடிகிற சங்கீதம் அது. ஆறுதலே இல்லாத ஒரு ஜெபமும் வேதத்தில் இடம்பெற்றிருப்பது அன்று எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. எங்கள் குழுவில் ஓர் அக்கா வாய்விட்டு அழுதார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

மேலே முற்றத்தில், சேவல் கூவுமுன்னே சீஷரான பேதுரு இயேசுவை மூன்று தரம் மறுதலித்ததைக் காட்டும் சிலை. எதிரிகள் மூட்டிய கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டேதான் அவர் "அந்த மனுஷனை அறியேன்" என்றார். இது நடப்பதற்கு முன்பே, அவருடைய விசுவாசம் ஒழிந்துபோகாதபடி இயேசு ஜெபித்துவிட்டார். லூக்கா 22-இல் இருக்கிறது. துரோகம் வருமுன்னே ஜெபம்!

அப்புறம் வடக்கே, கலிலேயாக் கடலோரத்தில் தப்கா என்ற இடம். கருங்கற்களால் 1933-இல் கட்டிய சிறிய சிற்றாலயம். உள்ளே பந்திபோல ஒரு பாறை. உயிர்த்தெழுந்தவர் சீஷர்களுக்குக் காலை உணவு கொடுத்த இடம் என்கிறார்கள். யோவான் 21-இல் இங்கேயும் ஒரு கரிநெருப்பு வருகிறது. இதை மூட்டியவர் இயேசு. தண்ணீரில் கால் நனைய நின்று அந்த அதிகாரத்தை மெதுவாக வாசித்தேன். முதலில் மீனும் அப்பமும் பரிமாறுகிறார். சாப்பிட்ட பிறகுதான் "நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா" என்ற கேள்வி, மூன்று தரம். மூன்றாம் தரம் பேதுரு துக்கப்படுகிறார். அந்தத் துக்கத்தை இயேசு தவிர்க்கவில்லை. அந்தப் பேதுருவின் கையில்தான் தம் ஆடுகளையும், அதாவது தம் மக்களையும், ஒப்படைக்கிறார்.

"போகட்டும், மறந்துவிடு" என்று எனக்குப் பலர் புத்தி சொன்னார்கள். கரையில் நடந்தது அது இல்லை. நடந்ததை மூடி மறைக்காமல், வயிறார உணவு கொடுத்துவிட்டு, முகத்துக்கு நேராகக் கேட்கிற மன்னிப்பு அது. யூதாஸ் அந்தக் காலை வரைக்கும் காத்திருக்காமல் தூக்கிட்டுக்கொண்டானே என்பதை நினைத்தால் இன்னும் மனம் பதைக்கிறது.

திபேரியாவுக்குத் திரும்பும் பேருந்தில் நண்பருக்காகப் பெயர் சொல்லி ஜெபித்தேன். பணக்கணக்கை நிச்சயம் கேட்பேன். அதற்கு முன்னால் அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட வேண்டும், என் மனைவியிடமும் சொல்லியாயிற்று.