இரண்டாவது ஊசியின் தேதி

கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்து பகுதி சுகாதார செவிலியராக ஓய்வுபெற்ற எனக்கு, தமிழ்நாட்டின் குடும்ப நலத் திட்டம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது ஆபரேஷன்தான். நான் பணியில் சேர்ந்தபோதே துணை சுகாதார நிலைய அலமாரியில் நிரோத் ஆணுறையும் மாலா-என் கருத்தடை மாத்திரையும் கருப்பையில் பொருத்தும் காப்பர் டியும் இருந்தன. ஆனால் மாதக் கூட்டத்தில் கேட்கப்பட்டது "எத்தனை கேஸ்?" என்பது மட்டுமே, கேஸ் என்றால் இரண்டு குழந்தை பெற்று, கருத்தடை அறுவைக்குச் சம்மதித்த பெண். 1996 ஏப்ரலில் ஒவ்வொரு கருத்தடை முறைக்கும் இத்தனை பேர் என்ற இலக்குகளை மத்திய அரசு கைவிட்ட பின்பும் அந்தக் கேள்வி உடனே ஓய்ந்துவிடவில்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் இந்திய அளவில் 37.9 சதவீதம் பேரும் தமிழ்நாட்டில் 57.8 சதவீதம் பேரும் இந்த அறுவையைச் செய்துகொண்டவர்கள். ஆண்களுக்கான அறுவையோ, அதைவிட எளிதாக இருந்தும், நாடு முழுவதிலும் 0.3 சதவீதம்தான்.

இந்த எண்களை வைத்து எல்லாப் பெண்களும் கட்டாயப்படுத்தப்பட்டார்கள் என்று முடிவுகட்டுவதை நான் ஏற்கமாட்டேன். இரண்டாவது பிரசவம் முடிந்த கையோடு "இதோடு போதும் சிஸ்டர், என் பேரை எழுதிக்கோங்க" என்று தாமாகவே கேட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் கவனத்திலிருந்து நழுவியவள் இன்னொருத்தி: தலைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அடுத்ததற்கு இரண்டு மூன்று ஆண்டு போகட்டும் என்று நினைத்தவள்.

அவளுக்கும் பயன்படும்படி 2017இல் அரசு நிலையங்களுக்கு இரண்டு புதிய கருத்தடை முறைகள் வந்தன. ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தாரா ஊசி. மற்றொன்று, லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய, ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரை. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. அந்தாராவை முதல்முறை போட்டுக்கொள்ளப் பெண்கள் தயங்கவில்லை. இரண்டாவது ஊசிக்குத்தான் ஆள் குறைந்தது. அறிக்கைப் படிவத்தில் அடுத்தடுத்த தவணைகளுக்கும் கட்டம் இருந்தது. ஆனாலும் கூட்டத்தில் பேசப்பட்டது முதல் தவணையின் எண்ணிக்கைதான்.

ஏன் வரவில்லை என்று வீடு வீடாகக் கேட்டபோது, பக்கவிளைவு பாதிக் காரணம் என்று தெரிந்தது. இந்த ஊசியால் சிலருக்கு இடையிடையே இரத்தக்கசிவு வரும், போகப்போகப் பலருக்கு மாதவிலக்கே நின்றுபோகும், ஆபத்தில்லை. ஆனால் முன்கூட்டியே சொல்லப்படாத பெண், விலக்கு வரவில்லை என்றதும் கர்ப்பமோ என்று அஞ்சுகிறாள், கெட்ட இரத்தம் உள்ளேயே தங்கிவிடும் என்று மாமியார் சொல்கிறார். 1965இல் பெரும் எதிர்பார்ப்போடு நாடெங்கும் கொண்டுவரப்பட்ட, கருப்பையில் பொருத்தும் லூப் சில ஆண்டுகளிலேயே பெயர் கெட்டுப்போனதும் இதே வழியில்தான்: பொருத்துவதில் காட்டிய வேகம், பிறகு போய்ப் பார்ப்பதில் இல்லை.

மறுபாதிக் காரணம் நாட்காட்டியில் இருந்தது. பாலூட்டும் தாய்க்குப் பிரசவமான ஆறு வாரத்துக்குப் பின் அந்தாரா போடலாம். குழந்தையின் முதல் தவணைத் தடுப்பூசியும் அதே ஆறாவது வாரம் என்பதால், புதன்கிழமை தடுப்பூசிக்கு வருபவளிடம் அன்றே பேசிவிட முடிந்தது. பத்தாவது, பதினான்காவது வாரத் தடுப்பூசிகளுக்கும் அவள் வருவாள். ஆனால் இரண்டாவது அந்தாரா விழுவது ஏறக்குறைய பத்தொன்பதாவது வாரத்தில். அதற்குள் குழந்தைக்கான தவணைகள் முடிந்து, ஒன்பதாம் மாதம் வரை எங்களிடம் வர அவளுக்கு வேறு வேலையே இல்லை. போதாததற்கு, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவளை மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீட்டுக்கு அழைத்துப்போய்விடுவார்கள். முதல் ஊசி போட்ட செவிலியர் ஓர் ஊரில், அடுத்ததைப் போட வேண்டியவர் இன்னோர் ஊரில். புதிய ஊர்ச் செவிலியரின் தம்பதியர் பதிவேட்டில் அவள் பெயர் ஏறுவதற்குள் தேதி கடந்துவிடும். திட்டம் வகுத்தவர்கள் மருந்தையும் பயிற்சியையும் யோசித்த அளவுக்குப் பிள்ளை பெற்றவள் எப்போது எந்த வீட்டில் இருப்பாள் என்பதை யோசிக்கவில்லை என்பது என் எண்ணம்.

என் பகுதிச் செவிலியர்களிடம் நான் கேட்டுக்கொண்டவை சிறியவை. ஊசி போடுமுன் விலக்கு நிற்கலாம் என்பதை அவளிடமும், அவள் விரும்பினால் உடன் வந்தவரிடமும் சொல்ல வேண்டும். பதினான்காவது வாரத் தடுப்பூசியன்று, எப்போது எந்த ஊருக்குப் போகிறாள் என்று கேட்டு, அவள் சம்மதித்தால் அவ்வூர்ச் செவிலியரைக் கைப்பேசியில் அழைத்துத் தேதியைச் சொல்லிவிட வேண்டும். உரிய நாளுக்கு இரண்டு வாரம் முன்னும் நான்கு வாரம் பின்னும் ஊசி போடலாம் என்ற விதியை அட்டையிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும், ஏனெனில் நாள் தப்பிவிட்டது, இனிப் பயனில்லை என்று எண்ணி நின்றவர்களும் இருந்தார்கள். ஊசி ஒத்துக்கொள்ளாமல் சாயாவுக்கோ காப்பர் டிக்கோ மாறியவளை 'விட்டவர்' பட்டியலில் சேர்க்கக் கூடாது என்பதில்தான் எனக்கும் கணக்கு கேட்பவர்களுக்கும் கடைசிவரை வாக்குவாதம் நடந்தது.