நீலக்காரி சட்டை உரித்த மாதம்

மார்ச் 9, 2024, சனி

காலையில் நான் வளர்க்கும் நீலச் சிலந்தியின் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தால் இரண்டு சிலந்திகள். ஒரு நொடி குலை நடுங்கிவிட்டது. அப்புறம்தான் ஒன்று அவள் உரித்துப் போட்ட தோல், வெறும் சட்டை என்று புரிந்தது. மூன்று வாரமாக எதையும் தொடாமல், கார்க் மரப்பட்டைச் சுருளுக்குள் போய் வாசலை வலையால் அடைத்துக்கொண்டு கிடந்ததற்கு இதுதான் காரணம்.

இடுக்கியால் சட்டையை வெளியே எடுத்தேன். உரித்துப் போட்ட பிறகும் கால்களில் அந்த நீலம் போகவில்லை. அது சாயமே இல்லை. ரோமத்துக்குள் இருக்கும் நுண்ணிய அடுக்குகளில் வெளிச்சம் பட்டுத் தெறிப்பதால் வரும் நிறம். அதனால்தான் காலிச் சட்டையிலும் மின்னுகிறது.

சட்டையின் வயிற்றுப் பகுதியை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய தூரிகையால் விரித்தேன். நனைந்த வெங்காயச் சருகு மாதிரி இருக்கும், கொஞ்சம் அவசரப்பட்டாலும் கிழிந்துவிடும். மேலே இருக்கும் இரண்டு நுரையீரல் தடங்களுக்கு நடுவே ஒரு சின்ன மடிப்பு தெரிந்தால் பெண். தெரிந்தது! இரண்டு வருடமாக நீலக்காரி என்று கூப்பிட்டு வந்தது வீண்போகவில்லை. ஆண் என்றால் பருவத்துக்கு வந்தபின் அதிக நாள் தாங்காது. பெண் பத்து வருடத்துக்கு மேலும் இருப்பாள். மனைவியிடம் சொன்னேன். "இன்னும் பத்து வருஷமா?" என்று மட்டும் கேட்டாள்.

மார்ச் 11

பற்கள் இப்போது பால் வெள்ளை, இன்னும் இறுகவில்லை. கறுக்கும் வரை இரை போடக்கூடாது. இன்று பார்த்ததோடு சரி.

மார்ச் 13

அலுவலகத்தில் ஒருவர் "இது எந்த ஊர்ப் பூச்சி? அமேசானா?" என்று கேட்டார். ஆந்திரா என்றேன். நம்பவில்லை.

கதையே அப்படித்தான். 1899இல் ஆந்திராவில் குத்தி என்ற ஊரின் ரயில்வே மரக்கிடங்கில் ஒன்று கிடைத்தது. லண்டன் அருங்காட்சியகத்தில் இருந்த ஆய்வாளர் போகாக் அதே வருடம் அதற்கு பொசிலோதெரியா மெட்டாலிகா என்று பெயர் வைத்தார். அதற்கப்புறம் நூறு வருடம் சத்தமே இல்லை. 2001இல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் மறுபடி தென்பட்டது. குத்தி அதன் சொந்த ஊரே இல்லை, மரக்கட்டையோடு ரயிலேறி வந்திருக்கும் என்கிறார்கள். சென்னையிலிருந்து மும்பை போகும்போது எத்தனை முறை குத்தி ஸ்டேஷனைக் கடந்திருப்பேன்! ஒரு தடவையும் ஜன்னலுக்கு வெளியே பார்த்ததாக நினைவில்லை.

2008இல் இதை மிக அருகிய இனம் என்று, அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் சிவப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். காட்டில் அதன் நிலைமை அப்படி. இங்கே பர்மிங்ஹாமில் என் புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது, இதே தெருவில் இன்னொருவரிடம் மூன்று.

மார்ச் 16, சனி

பெரிய கூண்டுக்கு மாற்றும் நாள். சட்டை உரித்து ஒரு வாரத்திலேயே மாற்றியது என் அவசரம்தான்.

மரப்பட்டையை அப்படியே தூக்கி வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பாதி வழியில் அவள் வெளியே வந்தாள். வந்தாள் என்பதே தப்பு. பட்டையில் இருந்தாள், அடுத்த கணம் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தாள், நடுவில் நடந்ததைக் கண் பார்க்கவில்லை. இந்த வகைக்கு அமெரிக்கச் சிலந்திகள் மாதிரி உதறிவிடும் அரிப்பு ரோமம் கிடையாது. ஓடும், முடியாவிட்டால் கடிக்கும். கடித்தால் ஆள் சாவதில்லை, ஆனால் தசைப்பிடிப்பு வாரக்கணக்கில் விட்டுவிட்டு வரும் என்று கடிபட்டவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அசையாமல் நின்றேன். மேசை விளிம்பில் கால்களைப் பரப்பி ஒட்டிக்கொண்டிருந்தாள். டப்பாவைக் கவிழ்த்து, கீழே அட்டையை மெல்லத் தள்ளி, நாற்பது நிமிடம். மனைவி கதவுக்கு வெளியே நின்று, "பிடிச்சாச்சா? பிடிச்சாச்சா?" பிடித்தாச்சு.

மார்ச் 24, ஞாயிறு

பூச்சிச் சந்தைக்குப் போனேன். மேசை மேசையாகச் சின்னப் பிளாஸ்டிக் குடுவைகள், ஒவ்வொன்றிலும் விரல் நகம் அளவு குட்டி. சும்மா பார்த்துக்கொண்டே போனவன் ஒரு சீட்டைப் பார்த்து நின்றுவிட்டேன்: பொசிலோதெரியா ஹனுமவிலாசுமிகா, 35 பவுண்டு.

ஹனுமவிலாசம். ராமேஸ்வரத்தில் அந்தப் பெயரில் இருக்கும் கோயிலின் தோப்பில் கண்டதால் 2004இல் வைத்த பெயர். எங்கள் தீவுச் சிலந்தி! புளி, தென்னை மரப் பொந்துகளில் இருப்பது. இதுவும் சிவப்புப் பட்டியலில் மிக அருகிய இனம்தான். பின்னால் கடலுக்கு அந்தப் பக்கம் மன்னாரிலும் கண்டார்கள்.

விற்றவர் நல்ல மனிதர். கூண்டில் பிறந்தது, தாய் தகப்பன் ஜெர்மனிக்காரர் ஒருவரிடமிருந்து வாங்கியது என்று காகிதம் காட்டினார். 2019இல் பொசிலோதெரியா பேரினம் முழுவதையும், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்த்ததிலிருந்து காகிதம் இல்லாமல் யாரும் பேசுவதில்லை. "ஜெர்மனிக்காரர் கையில் எப்படி வந்தது?" என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். இந்தியாவிலிருந்து சிலந்தியை வியாபாரத்துக்குக் கொண்டுபோக யாருக்கும் அனுமதி இல்லை. ஆக, பாட்டியோ பூட்டியோ யாருடைய காலுறைக்குள்ளோ, மருந்துக் குப்பிக்குள்ளோதான் விமானம் ஏறியிருக்க வேண்டும். மூன்று தலைமுறை தள்ளிப் போனதும் காகிதம் சுத்தமாகிவிடுகிறது.

குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கீழே வைத்துவிட்டேன். பணம் இல்லாமல் இல்லை. எங்கள் ஊர்ச் சரக்கை நானே பவுண்டு கொடுத்து வாங்க மனசு ஒப்பவில்லை. ஆனால் நீலக்காரியின் பாட்டி மட்டும் டிக்கெட் எடுத்தா வந்தாள்? அதைத் திரும்பி வரும் ரயிலில்தான் யோசித்தேன்.

மார்ச் 25

அம்மாவிடம் பேசினேன். விலையைச் சொன்னதும், "ஒரு எட்டுக்கால் பூச்சிக்கா மூவாயிரத்து ஐந்நூறு? நம்ம சித்தப்பா தோப்புல அப்பத்தா விளக்குமாத்தால அடிச்சுத் தள்ளியிருக்காளே தம்பி" என்றார். நடுவில் போனைப் பிடுங்கிய சித்தப்பா மகன், "அண்ணே, நாலு பிடிச்சு பார்சல் போடவா?" என்கிறான். விளையாட்டுதான் என்று நினைக்கிறேன். இருந்தாலும் அரை மணி நேரம் அவனுக்கு வகுப்பெடுத்தேன். கடைசியில், "சரிண்ணே, பாக்க மட்டும் செய்றேன்" என்றான்.

மார்ச் 30, சனி

பற்கள் நன்றாகக் கறுத்துவிட்டன. ராத்திரி ஒரு சுவர்க்கோழியை உள்ளே விட்டேன். அது பட்டையில் ஏறியதுதான் தெரியும். வாசலில் நான்கு நீலக் கால்கள், ஒரு சொடக்கு, அவ்வளவுதான். முன்னங்கால்களின் அடியில் இருக்கும் மஞ்சள் ஒரு கணம் தெரிந்தது. காலையில் கறுப்பு உருண்டையாகச் சக்கை கிடக்கும்.

மார்ச் 31, ஞாயிறு

சித்தப்பா மகன் டார்ச் அடித்துப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். கலங்கலான படம். புளியமரம், இடுப்புயரத்தில் ஒரு பொந்து, விளிம்பில் பழைய வலை. உள்ளே சாம்பல் நிறத்தில் இரண்டு கால் நுனிகள், அல்லது வெறும் வேர். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தும் தீர்மானிக்க முடியவில்லை.

இங்கே சிலந்தி வளர்க்கும் நண்பர்களுக்கு அனுப்பலாம் என்று விரல் போய்விட்டது. படத்தோடு இடக்குறியும் சேர்ந்து வந்திருப்பதை அப்போதுதான் கவனித்தேன். தோப்பு வரைக்கும் வழி காட்டுகிறது. அழித்துவிட்டேன். அவன் போனிலும் அழிக்கச் சொன்னேன். மேலே தோப்பு இருக்கும் ஊரின் பெயரை எழுதாமல் விட்டதும் அதற்காகத்தான்.

"அண்ணே, அது சிலந்தியா இல்லையா?" என்று கேட்டு இன்னொரு செய்தி வந்திருக்கிறது. நாளைக்குப் பதில் சொல்ல வேண்டும்.