ஆட்டம் எங்கே இருக்கிறது?

ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா என்று சுற்றிக்கொண்டிருந்த வரைக்கும் என் சுசுகி ஜிம்னி ஜீப்பில் ஒரு குறையும் தெரியவில்லை. எப்படித் தெரியும், இந்த வளைவுகளில் 40க்கு மேல் போனால்தானே? போன மாதம் கொழும்புக்கு இறங்கும்போது கித்துல்கல, யட்டியாந்தோட்டை எல்லாம் தாண்டி, அவிசாவளைக்குப் பிறகு ரோடு கொஞ்சம் நேரானதும் 65ஐத் தொட்டேன். ஒரு சின்னப் பள்ளம், அவ்வளவுதான், ஸ்டியரிங் இரண்டு பக்கமும் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது, வேகத்தை 30க்குக் கொண்டுவந்த பிறகுதான் நின்றது. மனைவி அதற்கப்புறம் கொழும்பு வரைக்கும் பேசவில்லை.

திரும்பி வந்து காட்டிய கராஜில் கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. "ஸ்டியரிங் டேம்பர் போயிருச்சு அண்ணே, ஸ்டியரிங் பொக்ஸையும் கொஞ்சம் டைட் பண்ணிட்டா சரியாயிரும்." சரி என்றேன், என் புத்தி அப்படி. டேம்பர் என்பது ஸ்டியரிங்குக்கு ஒரு ஷொக் அப்சோபர் மாதிரி, ஆட்டத்தை அமுக்கி வைக்கும், ஆட்டத்துக்கான காரணம் அப்படியேதான் இருக்கும். பொக்ஸ் விஷயம் இன்னும் மோசம். அது ஸ்டியரிங்கைத் திருப்புவதைச் சில்லுகளின் பக்கம் அனுப்புகிற பல்சக்கரப் பெட்டி. உள்ளே பல் தேய்வது பெரும்பாலும் நடுவில்தான், நேராக ஓடுகிற இடத்தில். அந்த இடைவெளியை மூட ஸ்குரூவை இறுக்கினால், தேயாத ஓரங்களில் பிடித்துக்கொள்ளும். தோட்டத்துக் கொண்டை ஊசி வளைவில் முழுக்க ஒடித்துவிட்டுக் கையைத் தளர்த்தினால் தானாகத் திரும்பி வரவேண்டிய ஸ்டியரிங் வராமல் நின்றது. பழைய ஆட்டமே தேவலை என்று தோன்றியது.

பக்கத்து லயத்து மாமா கொழுந்து லொறி ஓட்டி ஓய்ந்தவர். கேட்டதும் சிரித்தார். "மொதல்ல ஆட்டம் எங்க இருக்குன்னு பாரு, அப்புறம் சாமான் வாங்கு."

அவர் சொன்னபடி ஜெக் போடவில்லை. சில்லு நாலும் தரையில், ஹேண்ட் பிரேக், பின் சில்லுக்குக் கல். அக்கா மகன் சீட்டில் உட்கார்ந்து, எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கை இடமும் வலமும் கொஞ்சமாக, விடாமல் அசைத்தான். நான் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் கையை வைத்துக்கொண்டே போனேன். கண்ணை நம்பக்கூடாது, உள்ளங்கையில்தான் 'டிக்' என்று தெரியும். டை ரொட், டிராக் லிங்க், அதாவது ஸ்டியரிங்கின் அசைவைச் சில்லுகளுக்குக் கொண்டுபோகிற கம்பிகள், அவற்றின் முனைகள் நாலும் சுத்தம். பனார்ட் ரொட்டுக்கு வந்தேன், அதாவது அச்சு பக்கவாட்டில் நகராமல் சேசிஸோடு பிடித்து வைக்கிற கம்பி. அங்கேதான் இருந்தது. சில்லு திரும்புவதற்கு முன்னால் அச்சே ஒரு பக்கம் நழுவியது, சேசிஸ் பக்கத்துப் போல்ட் கிழிந்த ரப்பர் புஷ்ஷுக்குள் ஆடியது, சுற்றிவர செம்மண் மாதிரி துருப்பொடி.

அதற்குப் பிறகுதான் ஜெக். சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருந்தது. பையனை பிரேக் மிதிக்கச் சொன்னேன். மிதித்ததும் நின்றால் வீல் பெயாரிங், நிற்காவிட்டால் கிங் பின், அதாவது சில்லு இடம் வலம் திரும்புகிற அச்சாணி. எனக்கு இடது பக்கம் நிற்கவில்லை. பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ரொட் பக்கம் தேடலாம். பிராடோ மாதிரி, ஸ்பிரிங் கீழ் ஆர்மில் உட்கார்ந்திருக்கிற வண்டி என்றால் ஜெக்கை அந்த ஆர்முக்குக் கீழேயே வைக்கவேண்டும். சேசிஸில் வைத்தால் ஸ்பிரிங்கின் அழுத்தம், ஆர்ம் முனையில் இருக்கிற உருண்டை மூட்டின் (ball joint) ஆட்டத்தை மறைத்துவிடலாம். டயரைக் குறுக்கே தடவிப் பாருங்கள், ஒரு பக்கம் போனால் வழவழப்பு, திரும்பி வந்தால் கையை அறுக்கிற மாதிரி இருந்தால் டோ, அதாவது சில்லுகள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற கோணம், சரியில்லை. ஆனால் மூட்டு ஆடும்போது எலைன்மென்ட் செய்வது வீண் காசு.

புஷ் இரண்டும் மாற்றினேன். போல்ட்டைக் கடைசியாக இறுக்கியது வண்டி தன் பாரத்தோடு தரையில் நின்ற பிறகுதான். தூக்கி வைத்துக்கொண்டே இறுக்கினால் ரப்பர் முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். பொக்ஸ் ஸ்குரூவையும் பழைய அளவுக்குத் தளர்த்தியாயிற்று. போன ஞாயிறு அவிசாவளை போய் 70 வரை பார்த்தேன், ஸ்டியரிங் அசையவில்லை.

கிங் பின் இன்னும் பாக்கி. இடது பக்க நக்கிளின், அதாவது சில்லைத் தாங்கித் திரும்புகிற பகுதியின், சீல் விட்டு, ஓடைத் தண்ணீர் உள்ளே போய், கிரீஸ் பால் தேத்தண்ணி நிறத்தில் வழிகிறது. மழை விட்டதும் பிரிக்கவேண்டும்.