வினைமுற்றில் மாட்டிக்கொண்டேன்

2018-இல் கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் டிப்ளோமா மாணவர்களுக்கு ஊடக நெறிமுறை எடுத்துக்கொண்டிருந்தேன். கருத்துச் சுதந்திரம் பற்றிய வகுப்புக்கு நான் எடுத்துக்கொண்டது ஜோர்டான் பீட்டர்சனை. வேறு யாரையாவது எடுத்திருந்தால் பாதி வகுப்பு தூங்கியிருக்கும். இவர் காணொளிகளோ பையன்களின் கைப்பேசியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன.

அப்போது கனடாவின் டொரோண்டோ பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்தவர் அவர். 2016 செப்டம்பரில் சி-16 என்ற மசோதாவை எதிர்த்து யூடியூபில் பேசினார். பாலின அடையாளத்தையும் அதை வெளிப்படுத்துவதையும் கனடாவின் மனித உரிமைச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் கொண்டுவந்த மசோதா அது. யாரை எந்தச் சொல்லால் குறிப்பிடுவது என்று அரசு என் வாயில் திணிக்கக் கூடாது என்றார். மசோதாவில் அவன், அவள் என்ற சொற்களைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. தவறாகச் சொன்னவரைச் சிறையில் தள்ளும் சட்டமில்லை இது என்று சட்டப் பேராசிரியர் பிரெண்டா காஸ்மன் அவரோடு நேருக்கு நேர் வாதாடினார். 2017 ஜூனில் அது சட்டமாகிவிட்டது. என்னைக் கேட்டால், பீட்டர்சன் எழுப்பிய கேள்வி நியாயமானது. சட்டத்தைப் பற்றிச் சொன்னது மிகை.

அவர் கலந்துகொண்ட தொலைக்காட்சி விவாதம் ஒன்றில் ஒரு துண்டை வகுப்பில் போட்டேன். கனடாவின் வில்ஃப்ரிட் லாரியர் பல்கலைக்கழகத்தில் லிண்ட்சே ஷெப்பர்ட் என்ற பயிற்றுதவியாளர் இதே மாதிரி ஒரு துண்டைப் போட்டதற்காக 2017-இல் விசாரிக்கப்பட்டிருந்தார். அந்த விசாரணையை அவர் பதிவு செய்து வெளியிட, பல்கலைக்கழகமே மன்னிப்புக் கேட்டது. இது எனக்குத் தெரிந்தது பிற்பாடுதான். ஆகவே என்னைத் தைரியசாலி என்று நினைத்துவிட வேண்டாம்.

வகுப்பில் சண்டை எதுவும் வரவில்லை. "மலாயில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே 'டியா'தானே மிஸ், இவர்கள் எதற்கு அடித்துக்கொள்கிறார்கள்?" என்று ஒரு பையன் கேட்டான். சிரிப்போடு வகுப்பு முடிந்தது.

பின்வரிசையில் இருந்த ஒருவர் மட்டும் எழுந்து போகவில்லை. வருகைப் பதிவில் ஆண் பெயர். "அந்தப் பேராசிரியரை விடுங்க மிஸ், தமிழ்ல என்னை எப்படிச் சொல்லுவீங்க?" என்ற கேள்வி தாழ்ந்த குரலில் வந்தது. எப்படிச் சொல்ல வேண்டும் என்று நான் திருப்பிக் கேட்டேன். "அவள்னு. ஆனா இங்க வேணாம். வீட்டுக்குத் தெரியாது."

யாரென்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை என்பதால் இங்கே அவள் என்றே எழுதுகிறேன்.

பள்ளியில் படித்த இலக்கணம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. முன்னிலையில் நமக்குப் பால் வேறுபாடு கிடையாது. நீ வந்தாய், அவ்வளவுதான். எதிரில் நிற்கும் வரை அவளிடம் நான் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், ஒரு சிக்கலும் இல்லை. அவள் அந்தப் பக்கம் போன பிறகு இன்னொருவரிடம் அவளைப் பற்றிப் பேசும்போதுதான் வந்தானா, வந்தாளா என்று வினைமுற்று கழுத்தைப் பிடிக்கிறது. ஆங்கிலத்திலும் சங்கதி இதுதான் என்றாலும், அங்கே ஒரு சொல்லோடு முடிந்துவிடும். நமக்கு ஒவ்வொரு வாக்கியமும் அதிலேயே போய் முடிகிறது.

இரண்டு நாளில் துறைத் தலைவர் கூப்பிட்டார். தமிழர், நல்ல மனிதர், நாங்கள் இருவரும் தமிழில்தான் பேசிக்கொள்வோம். காணொளி விஷயம் எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. 2014-இல் மலாயாப் பல்கலைக்கழக சட்ட விரிவுரையாளர் அஸ்மி ஷாரோம், செய்தித்தளத்துக்குச் சொன்ன கருத்துக்காகத் தேச நிந்தனைச் சட்டத்தில் குற்றம் சாட்டப்பட்டதை நினைவுபடுத்தினார். 2016-இல் வழக்கைத் திரும்பப் பெற்றார்கள், சரி. நடுவில் போன ஒன்றரை வருடத்தை யார் தருவார்கள் என்று கேட்டார். "நமக்கு எதுக்கும்மா கனடா வம்பு?" பீட்டர்சன் அத்தனை சத்தம் போட்டும் பல்கலைக்கழகத்திலிருந்து அவருக்கு வந்தவை எச்சரிக்கைக் கடிதங்கள்தான், வேலை போகவில்லை. எனக்கோ ஒப்பந்தம் ஆண்டுக்கு ஒருமுறை. தலையாட்டினேன்.

அப்புறம் பேச்சு மதிப்பெண்ணுக்குத் திரும்பியது. அவளுடைய பதிவுப் பெயரைச் சொல்லி, "அவன் அசைன்மென்ட் கொடுத்தானா?" என்றார்.

கொடுத்தாள் என்றால் அவள் ரகசியம் போகும். கொடுத்தான் என்றால் அவள் என்னிடம் சொன்னதற்கே அர்த்தமில்லாமல் போகும். "கொடுத்தார் சார்" என்றேன். பத்தொன்பது வயது மாணவரை எங்கள் துறையில் யாரும் 'ஆர்' விகுதி போட்டுச் சொல்வதில்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். நான் கோப்பைப் புரட்டினேன். எந்தச் சட்டமும் என்னை மிரட்டவில்லை, எந்தப் பேராசிரியரும் பக்கத்தில் இல்லை. அந்த ஒரு விகுதிக்கு எனக்கு வியர்த்தது.

செமஸ்டர் முடிவில் தேர்ச்சிப் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவள் வரிசை வந்ததும் தலைவர் பேனாவை நிறுத்தினார். "இந்தப் பிள்ளை நல்லா செஞ்சிருக்கு," என்றார். தெரிந்து சொன்னாரா, வீட்டுப் பழக்கத்தில் வந்ததா, நான் கேட்கவில்லை. "ஆமா சார், நல்ல பிள்ளை," என்றேன். அடுத்த பெயருக்குப் போனோம்.