ஒரு இனிஷியலுக்காக ஐந்து மாதம்

அக்கா மகன் ஐ.டி.ஐ. என்கிற தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டு வருடம் ஃபிட்டர் படித்தான். மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊரிலிருந்து காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடித்துப் போய் வந்து, ஒரு தேர்வு விடாமல் எழுதி, நல்ல மார்க்கோடு பாஸ் ஆனான். திருச்சிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸாக எடுத்துக்கொள்கிறோம் என்றும் சொல்லிவிட்டார்கள். வீட்டில் எல்லோருக்கும் அப்படி ஒரு சந்தோஷம். அப்புறம் அந்தப் பதிவுக்காகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, சான்றிதழில் இனிஷியல் முன்னால் நிற்கிறது, ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் நிற்கிறது. இரண்டும் ஒரே ஆள் என்று கம்ப்யூட்டர் ஏற்கவே இல்லை.

நம்மூரில் இது எத்தனை வீட்டில் நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான். ஆனால் நாடு முழுவதற்கும் ஒரே படிவம் அடிக்கும்போது முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்துவிடுகிறார்கள். அதில் ஒருத்தர் இனிஷியலை எழுதுவார், இன்னொருத்தர் அப்பா பெயரை எழுதுவார், பள்ளி மாற்றுச் சான்றிதழில் வேறு மாதிரி இருக்கும்.

திருத்துவதற்கு அலைந்தோம். படித்த இடத்தில் கேட்டால் "எங்களால் கை வைக்க முடியாதும்மா, மேலே அனுப்புகிறோம்" என்றார்கள். மேலே கேட்டால் படித்த இடத்திலிருந்துதான் வர வேண்டும் என்றார்கள். இ-சேவை மையத்தில் ஆதாரையே மாற்றிவிடலாம் என்றார்கள், ஆதாரை மாற்றினால் பேங்க் புத்தகம் முட்டும். "சித்தி, டெல்லியிலதான் மாத்தணுமாம்" என்று அவன் ஒருநாள் சாயங்காலம் வந்து திண்ணையில் உட்கார்ந்தபோது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஐந்து மாதம் ஆனது. அந்த இடம் வேறு ஒருவருக்குப் போய்விட்டது.

ஏன் இப்படி இரண்டு இடத்துக்கு நடுவில் மாட்டுகிறோம் என்று தேடிப் படித்தேன். ஐ.டி.ஐ. என்பதே இரண்டு அரசும் சேர்ந்து நடத்துகிற விஷயம். இந்தப் பயிற்சித் திட்டத்தை 1950-ல் மத்திய அரசு தொடங்கியது, 1956-ல் நிலையங்களின் அன்றாட நிர்வாகத்தை மாநிலங்களிடம் கொடுத்தது. அன்றிலிருந்து கட்டடம், ஆசிரியர், சேர்க்கை எல்லாம் மாநிலம் பார்க்கிறது. பாடத்திட்டம், தேர்வு, தேசிய தொழிற்சான்றிதழ் எல்லாம் மத்திய அரசிடம் இருக்கிறது. பள்ளிக் கல்வி, மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலுக்குப் போனது 1976-ல் வந்த 42ஆவது திருத்தத்தால்தான், ஆனால் தொழிலாளர்களுக்கான தொழிற்பயிற்சி அரசியலமைப்பு எழுதப்பட்ட நாளிலிருந்தே பொதுப்பட்டியலில்தான் இருந்தது. அதாவது இதில் சேர்ந்து வேலை செய்து எழுபது வருடப் பழக்கம் இருக்கிறது.

பலனும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். எங்கள் பையனுக்கு மாநில அரசு மாதம் 750 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது, பஸ் பாஸ் கொடுத்தது, 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் ஆயிரம் ரூபாயும் வந்தது. வாங்கின சான்றிதழ் இந்தியா முழுக்கச் செல்லும். அப்ரண்டிஸாகச் சேர்ந்தால், 2016-ல் வந்த திட்டப்படி, முதலாளி தருகிற உதவித்தொகையில் கால் பங்கை, அதிகபட்சம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கிறது. ஒரு கூலி வேலை செய்கிற அப்பாவின் மகனுக்கு இதெல்லாம் பெரிய விஷயம். இரண்டு பக்கமும் பணம் போடுகிறார்கள், மனசும் இருக்கிறது. ஒரு எழுத்தைத் திருத்துவதற்கு மட்டும் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு ஆள் இல்லை.

பள்ளிக்கூட விஷயத்தில் இதைவிட மோசம். பி.எம். ஸ்ரீ என்கிற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக 2024-25க்கு வர வேண்டிய, பள்ளிக் கல்விக்காக மத்திய அரசு மாநிலங்களுக்குத் தருகிற சமக்ர சிக்‌ஷா பணம், 2,152 கோடி ரூபாய், நிறுத்தப்பட்டது. கையெழுத்துப் போட்டால் தேசியக் கல்விக் கொள்கையையும் மும்மொழியையும் ஏற்றதாக ஆகும் என்பது மாநிலத்தின் கவலை, வழக்கு 2025-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. எனக்கு இருமொழிக் கொள்கைதான் சரி. ஆனால் எதிர்க்கருத்து உள்ளவர்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான், வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர்கள் நடக்க முடியாத குழந்தைகளுக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுப்பது அந்தப் பணத்தில்தானே? எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு குழந்தை இருக்கிறது. கொள்கைச் சண்டையில் அந்தக் குழந்தையின் பங்கைப் பிடித்து வைப்பது எந்த விதத்திலும் நியாயம் இல்லை.

சரி, டெல்டாவுக்கு வருகிறேன். தை, மாசியில் இங்கே சம்பா அறுவடை. இந்த மண்ணில் ஈரம் நின்றால் டயர் வைத்த அறுப்பு மிஷின் இறங்காது, செயினில் ஓடுகிற செயின் வண்டிதான் வேண்டும். சேலம், ஆத்தூர் பக்கமிருந்து வண்டியும் வருகிறது, டிரைவரும் வருகிறார், ரிப்பேர் பார்க்கிறவரும் வருகிறார். எங்கள் பையன்களோ திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போகிறார்கள். 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டம் போட்டு அறிவித்தார்கள், எண்ணெய்க் கிணறு புதிதாக வராது என்றார்கள், மனதார வரவேற்றோம். அப்படியென்றால் இங்கே வேலை வயலை ஒட்டித்தானே வர வேண்டும்? டிராக்டர் மெக்கானிக், வேளாண் இயந்திர மெக்கானிக் என்ற டிரேடுகள் மத்திய அரசின் பட்டியலிலேயே இருக்கின்றன. கலெக்டர் தலைமையில் மாவட்டத் திறன் குழு என்று ஒன்றும் இருக்கிறது, மாவட்டத்துக்கு என்ன பயிற்சி தேவை என்று திட்டம் போடுவதே அதன் வேலை. அறுப்பு மிஷினை ஓட்டவும் பிரித்துப் பூட்டவும் எங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுங்கள் என்று அந்தக் குழுவுக்கு எழுதியிருக்கிறேன். உங்கள் ஊரிலிருந்தும் எழுதுங்கள், ஒரு கடிதத்தைவிடப் பத்துக் கடிதம் கண்ணில் படும்.

போன மாதம் எங்கள் வயலில் ஒரு செயின் வண்டி நின்றுவிட்டது. ஆத்தூர் டிரைவர் போன் போட்டபடி வரப்பில் நடந்துகொண்டிருந்தார். பையன் சேற்றில் இறங்கி, அடியில் படுத்து, ஒன்றரை மணி நேரத்தில் ஓட வைத்தான். டிரைவர் அவன் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனார், அதற்குப் பிறகு பக்கத்து ஊரிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டார்கள்.

சான்றிதழ் இப்போது சரியாகிவிட்டது, வேறு இடத்தில் மறுபடி விண்ணப்பித்திருக்கிறான். இந்த வருடம் எங்கள் ஊரிலிருந்து நான்கு பிள்ளைகள் ஐ.டி.ஐ. சேர்கிறார்கள், அதில் இரண்டு பேர் பெண்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், மாற்றுச் சான்றிதழ் மூன்றையும் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். படிவத்தில் பெயர் ஏறுவதற்கு முன்னால் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்துவிடுவோம்.