ஒற்றைத் திறப்போட வந்த கொரோலா

கனடாவுக்கு வந்து நாங்கள் முதல் வாங்கின வாகனம் 2012 ரொயோட்டா கொரோலா. ஸ்காபரோவில ஒண்டரை வருசம் பஸ்ஸில ஏறி இறங்கினாப் பிறகு ஒரு ஆளிட்டை நேராக் காசு குடுத்து வாங்கினது. வாங்க முதல் என்னென்ன பாக்கோணும் எண்டு தெரிஞ்ச ஆக்கள் எல்லாரும் சொல்லித் தந்தவை. அடியில கறள் இருக்கோ, ரயர் எவ்வளவு தேஞ்சிருக்கு, சேர்விஸ் ஒன்ராறியோ எண்ட அரச அலுவலகத்தில எடுக்கிற அந்தப் பழைய வாகனப் பொதியில கடன் ஏதும் பதிஞ்சு கிடக்கோ, சேஃப்டி சேட்டிபிக்கேட் இருக்கோ, எல்லாம் பாத்தன். எத்தினை திறப்பு இருக்கெண்டு கேக்கோணும் எண்டு மட்டும் ஒருத்தரும் சொல்லேல்லை. அந்தப் பேப்பருகள் ஒண்டிலயும் திறப்புக் கணக்கு வராது.

வித்தவர் ஒண்டைத்தான் தந்தவர். "மற்றது வீட்டில எங்கயோ கிடக்கு, தேடித் தாறன்" எண்டார். பிறகு ரெண்டு தரம் போன் அடிச்சன், எடுக்கேல்லை, அதோட விட்டிட்டன். ஒண்டு வெட்டுவிச்சால் முடிஞ்சுது எண்டுதான் நினைச்சன். யாழ்ப்பாணத்தில பஸ் ஸ்ராண்டடியில குடையை விரிச்சு வச்சுக்கொண்டு இருக்கிற ஐயாவிட்டை அப்பான்ர மோட்டச்சைக்கிள் திறப்பைக் குடுத்தால் அரத்தால ராவி, வாயால ஊதிப்போட்டு, பத்து நிமிசத்தில கையில தருவார், போட்டுத் திருப்பினால் ஓடும். திறப்பெண்டால் எனக்குத் தெரிஞ்சது அதுதான். இஞ்சயும் ஒரு ஹாட்வெயார் கடையில குடுத்து வெட்டுவிச்சன், அஞ்சு டொலர் சொச்சம். கொண்டுவந்து கதவில போட்டன், திறபட்டுது. எஞ்சினைப் போட்டுப் பாக்கேல்லை. அதைத்தான் மனுசியிட்டைக் குடுத்து வச்சன்.

சனவரி மாசம், மைனஸ் 19. அண்டைக்கு நான் கூட வேலை செய்யிற பொடியன்ர வாகனத்தில போனபடியா எங்கட கார் வீட்டில நிக்குது, ஆனா அசல் திறப்பு என்ர ஜக்கெற் பொக்கற்றுக்குள்ள. மனுசிக்கு முதியோர் இல்லத்தில இரவு 11 மணி வேலை. பத்தரைக்குப் போன் வருது, கார் இழுக்குது இழுக்குது, எஞ்சின் பத்துதில்லை எண்டு. குளிருக்குப் பற்றரி இறங்கியிருக்கும் எண்டு நான் சொல்ல, கீழ்வீட்டு அண்ணை வந்து வயர் கொழுவி பூஸ்ட் குடுத்துப் பாத்தவர், எஞ்சின் நல்லாத்தான் சுத்துதாம், பத்துதே இல்லை. அவ வேலைக்குச் சேந்து மூண்டு மாசம் முடியேல்லை, பிந்திப் போனால் என்ன சொல்லுவினமோ எண்டு அழுதுகொண்டுதான் ராக்சியில ஏறினவ. ஏற முதல் ஒண்டு சொன்னவ, "டாஷ்போட்டில கார்ப் படம் போட்ட ஒரு சிவப்பு லைற் மின்னிக்கொண்டே இருக்கப்பா" எண்டு. அதுதான் விசயமே. எனக்கு அப்ப விளங்கேல்லை.

விடியக் காலமை நான் போய் அசலைப் போட்டன். உள்ளுக்க போனோண்ணை அந்தச் சிவப்பு லைற் நிண்டுது, எஞ்சின் ஒரே அடியில பத்தினது. நிப்பாட்டிப்போட்டு அஞ்சு டொலர்த் திறப்பைப் போட்டன், லைற் மின்னிக்கொண்டே இருக்கு, எஞ்சின் சும்மா சுத்துது. மாறி மாறி நாலைஞ்சு தரம் போட்டுப் பாத்தன். வெட்டு ரெண்டிலயும் ஒரே வெட்டு, மயிரளவு வித்தியாசம் இல்லை.

டீலர் ஒருத்தரிட்டைக் கேக்க 380 டொலரும் வரியும் எண்டார்கள், திறப்பு வர ரெண்டு கிழமை செல்லுமாம். பிறகு ஒரு கூட்டாளி மூலமா வானிலயே சாமான் எல்லாம் வச்சுக்கொண்டு வீடு வீடா வாற திறப்புச் செய்யிற ஒரு தமிழ் லொக்ஸ்மித் அண்ணை வந்தவர். அவர் செய்த முதல் வேலை, ஒரு உடைஞ்ச பழைய திறப்பை என்ர உள்ளங்கையில வச்சதுதான். கறுப்புப் பிளாஸ்ரிக் தலை பிளந்திருக்கு, அதுக்குள்ள சின்ன விரல் நகத்தளவில ஒரு கறுப்புக் கட்டி. "இதுதான் தம்பி திறப்பு, உந்த இரும்பு வெறும் பிடி" எண்டார். சில வாகனங்களுக்கு அது அரிசிமணி போல ஒரு கண்ணாடிக் குழாயா இருக்குமாம்.

அந்தக் கட்டிதான் சிப். அதுக்குப் பற்றரி இல்லை. திறப்பு போடுற ஓட்டையைச் சுத்தி வளையமா ஒரு கம்பிச் சுருள் இருக்கு, கனக்க வாகனங்களில அது 125 கிலோஹேட்ஸ் அலையை விடும், அந்த அலையிலயே சிப்புக்கு உயிர் வந்து தன்ர இலக்கத்தைச் சொல்லும். ஆரம்பத்தில வந்த சிப்புகள் ஒரே இலக்கத்தைத்தான் ஒவ்வொரு தரமும் சொல்லும், பிறகு வந்ததுகளில வாகனம் ஒரு கேள்வி அனுப்ப சிப் கணக்குப் பாத்து மறுமொழி குடுக்கோணும். வாகனத்தின்ர ஞாபகத்தில பதிஞ்சதோட அது பொருந்தாட்டி எஞ்சினுக்குப் பெற்றோல் போகாது, இல்லாட்டிப் பொறி விழாது. ஸ்ராட்டர் மோட்டர் மட்டும் சுத்தும், அதுதான் மனுசிக்கு அண்டிரவு நடந்தது. சில வாகனங்கள் சுத்தவும் மாட்டுது. இந்தக் காவலுக்குத்தான் இமொபிலைசர் எண்டு பேர். கதவு பூட்டித் திறக்கிற பொத்தான் வேறை வேலை, அதுக்குத்தான் பற்றரி. ரிமோட் பற்றரி செத்தாலும் சிப் வேலை செய்யும். பொத்தானை அமத்தி ஸ்ராட் பண்ணுற வாகனங்களிலயும் அப்பிடித்தான், பற்றரி செத்தால் ரிமோட்டை அந்த ஸ்ராட் பொத்தானோட ஒட்டிப் பிடிச்சு அமத்தினால் கனக்க மொடலுகள் ஓடும், இது தெரியாமல் நடுக்குளிரில நிண்ட ஆக்களை எனக்குத் தெரியும்.

ரொயோட்டாத் திறப்பெண்டால் இரும்பில, தலைக்குக் கிட்ட உத்துப் பாருங்கோ. ஒரு புள்ளியோ, ஜி எண்டோ, எச் எண்டோ அடிச்சிருக்கும். என்னது ஜி. ஒவ்வொண்டும் வேறை வேறை சிப், ஒண்டுக்கு ஒண்டு மாறாது. ஒன்லைனில மலிவா இருக்கெண்டு வாங்கிற ஆக்கள் இதைப் பாக்காமல் வாங்கிப்போட்டுக் காசைத் துலைக்கினம். வேறை வாகனத்தில பதிஞ்சு பாவிச்ச சிப்பையும் கனக்க வாகனங்களில திருப்பிப் பதிய ஏலாது.

பிறகு அண்ணை ஸ்ரியறிங்குக்குக் கீழ இருக்கிற, வாகனத்தைக் கம்பியூட்டரால சோதிக்கிற ஓபிடி செருகியில தன்ர பெட்டியைக் கொழுவிப் பாத்துப்போட்டு, "மூண்டு திறப்புப் பதிஞ்சிருக்கு தம்பி" எண்டார். என்ர கையில ஒண்டு. நாலு மாசமா எங்கட கார் நிக்கிற இடத்தில, பிள்ளையின்ர சீற் பூட்டின அந்தக் காரை எடுத்துக்கொண்டு போகக்கூடிய திறப்பு இன்னும் ரெண்டு வெளியில எங்கயோ இருந்திருக்கு. எனக்கு வயித்துக்குள்ள ஒரு மாதிரிப் போச்சு.

ஒண்டு கிட்டத்தான் இருந்தது. டாஷ்போட்டுக்குக் கீழ பேந்து பூட்டின வயருகள் தொங்கிறதைக் கண்டு அவர் மூடியைக் கழட்டினார். உள்ளுக்குச் சின்னக் கறுப்புப் பெட்டி, அதுக்குள்ள இரும்பை அறுத்து எறிஞ்ச ஒரு திறப்புத் தலை, அதைச் சுத்திச் செப்புக் கம்பி. முந்தின ஆள் குளிருக்கு ரிமோட் ஸ்ராட்டர் பூட்டியிருக்கிறார். வீட்டுக்குள்ள இருந்து காரைச் சூடாக்கோணும் எண்டால் இமொபிலைசரை ஏமாத்தோணும், பழைய முறையில அதுக்கு ஒரு நல்ல திறப்பைப் பலி குடுக்கிறது, இஞ்ச பழைய வாகனம் ஒற்றைத் திறப்போட வாறதுக்கு அதுவும் ஒரு காரணம். ஒழுங்காப் பூட்டினால் ரிமோட் அடிக்கிற நேரம் மட்டும்தான் அந்தத் தலை கதைக்கும். கவலையீனமாப் பூட்டினவை அந்தத் தலையைத் திறப்போட்டைக்குப் பக்கத்திலயே ஒட்டுநாடா சுத்தி ஒட்டி விட்டிருக்கினமாம், அந்த வாகனத்தில இமொபிலைசர் இருக்கு எண்டு சொல்லவே ஏலாது, எந்த வெட்டின இரும்பும் ஓட்டும். உங்கட காருக்கு வெறும் இரும்புத் திறப்பு வேலை செய்தால் சந்தோசப்படாதேங்கோ, ஏன் வேலை செய்யுதெண்டு ஆரையும் கொண்டு பாருங்கோ.

மூண்டாவது எங்கை எண்டு தெரியாது. அதால என்ர கையில இருந்ததைத் தவிர மிச்சம் எல்லாத்தையும் வாகனத்தின்ர ஞாபகத்தில இருந்து அழிச்சுப்போட்டு, புதுசா ஒரு சிப் திறப்பு வெட்டிப் பதிஞ்சு தந்தவர். பதியிற வேலை சில நிமிசந்தான். எல்லாமா 170 டொலர். ஒரு திறப்பாவது கையில இருந்தபடியாத்தான் இவ்வளவு லேசா முடிஞ்சது, ஒண்டுமே இல்லாட்டி வேலை பெருசு, காசும் பெருசு, சிலநேரம் வாகனத்தைக் கட்டியிழுத்துக்கொண்டு போகவும் வேணும்.

ரெண்டு விதமாத் திறப்புச் செய்யினம், அதையும் விளங்கி வச்சிருங்கோ. ஒண்டு புது இலக்கத்தை வாகனத்தில பதியிறது. மற்றது குளோன், இருக்கிற திறப்பின்ர இலக்கத்தை அப்பிடியே இன்னொரு சிப்பில எழுதிறது. குளோன் மலிவு, ஆனா வாகனத்துக்கு அசலும் குளோனும் ஒண்டுதான். உங்கட கையில இருக்கிற அந்தத் திறப்புக்கு முந்தின ஆள் ஒரு குளோன் செய்து வச்சிருந்தால், மிச்சத்தை அழிச்சும் பிரயோசனம் இல்லை, அதையும் கழிச்சுப்போட்டு முழுக்கப் புதுத் திறப்புத்தான் பதியோணும். ஃபோர்ட் சில மொடலுகளில நல்ல திறப்பு ரெண்டு இருந்தால் மூண்டாவதை நாங்களே பதியலாம், மனுவலில இருக்கும். அதுக்கும் ரெண்டு வேணும் பாருங்கோ.

கனடாவில 2007 செப்டெம்பர் 1 இல இருந்து புதுசா வாற கார், வான் எல்லாத்துக்கும் இமொபிலைசர் கட்டாயம். அமெரிக்காவில அப்பிடிச் சட்டம் இல்லை. 2022 இல அங்க சில ஹியுண்டாய், கியாக் காருகளைப் பொடியள் வீடியோ பாத்துக் களவெடுத்துக்கொண்டு திரிஞ்ச நேரம், அதே காருகள் இஞ்ச தப்பினதுக்கு இந்தச் சட்டந்தான் காரணம். அதால அமெரிக்காவில மலிவெண்டு வாங்கிக் கொண்டுவாற யோசினை இருந்தால், இமொபிலைசர் இல்லாட்டிக் கனக்க வாகனங்களை இஞ்ச பதிய விடமாட்டினம், முதலே கேளுங்கோ. இப்ப ரொறன்ரோப் பக்கம் களவு போறது கூடுதலாப் பொத்தான் ஸ்ராட் வாகனங்கள், வீட்டுக்குள்ள கிடக்கிற ரிமோட்டின்ர சிக்னலைக் கதவடியில நிண்டு நீட்டி எடுக்கிறாங்கள். அந்த வகை வச்சிருக்கிறவை ரிமோட்டை வாசலடியில தொங்கவிடாமல் சிக்னல் மறைக்கிற பையுக்குள்ள போட்டு வையுங்கோ.

போன சனிக்கிழமை மச்சானோட ஏஜாக்ஸில ஒரு 2014 ஹொண்டா சிவிக் பாக்கப் போனனான். அவர் வந்து ஆறு மாசம். வித்த அக்கா ஒரு திறப்பைத்தான் கொண்டுவந்தவ, நான் மற்றதைக் கேட்டன். உள்ளுக்குப் போய்க் கனநேரம் லாச்சியெல்லாம் தேடி, பிள்ளையின்ர மணிமாலை கட்டின ஒண்டை எடுத்துக்கொண்டு வந்தவ. சிவிக்கில அந்த மின்னுற லைற் பச்சைத் திறப்புப் படம், ஒன் பண்ணினோண்ணை ஒருக்கா எரிஞ்சு அணையோணும், மின்னக்கூடாது. முதலாவதைப் போட்டன், அணைஞ்சுது. மணிமாலையோட இருந்ததையும் போட்டன், அதுவும் அணைஞ்சு எஞ்சின் பத்தினது. மச்சான் அப்பதான் விலை கதைக்கத் துவங்கினவர், நான் லொக்ஸ்மித் அண்ணைக்குத் திங்கட்கிழமை வரச்சொல்லி மெசேஜ் போட்டன்.