பித்தக் குழாயில் ஸ்டென்ட்: வைப்பதற்கு முன்னும் எடுக்கும் வரையும்

எண்டோஸ்கோப்பி அறையில் வேலை பார்க்கும் எங்களிடம் மஞ்சள் காமாலையோடு வருகிறவர்களில் பலர், கீழாநெல்லி அரைத்துக் குடித்துச் சில வாரங்களைக் கடத்திவிட்டுத்தான் வருகிறார்கள். கிருமியால் வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். அடைப்பால் வந்தது அப்படி இறங்காது. மலம் வெளிறி, சிறுநீர் கறுத்து, உடம்பெல்லாம் அரித்தால், கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் இறங்கும் பித்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம். பித்தம் வழிய அதற்குள் வைக்கும் சிறு குழல்தான் ஸ்டென்ட். கூடவே குளிர்நடுக்கமும் வலப்பக்க மேல்வயிற்று வலியும் இருந்தால் குழாயில் கிருமி பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடைப்பு எங்கே என்று ஸ்கேனும், பித்தக் குழாய்களுக்கான எம்.ஆர்.ஐ. படமான எம்.ஆர்.சி.பி.யும் காட்டும். ரத்தப் பரிசோதனையில் பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமியை மட்டும் பார்க்காமல், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆரையும் கேளுங்கள். பித்தம் குடலுக்கு வராதபோது வைட்டமின் கே உடம்பில் சேராது, ரத்தம் உறையத் தாமதமாகும். ஐ.என்.ஆர். 1.5க்கு மேல் இருந்தால் வழக்கமாக முதலில் வைட்டமின் கே ஊசி, பிறகுதான் பித்தக் குழாயின் வாயை வெட்டுவது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளில் ஆஸ்பிரினைப் பெரும்பாலும் நிறுத்தச் சொல்வதில்லை. குளோபிடோக்ரெலை 5 முதல் 7 நாள் முன்பும், வார்ஃபரினை 5 நாள் முன்பும் நிறுத்துவது வழக்கம். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் உள்ளவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. முன்பு இரைப்பையில் அறுவை செய்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். குடலின் பாதை மாறியிருந்தால் வழக்கமான எண்டோஸ்கோப்பிக் குழாய் பித்தக் குழாய் திறக்கும் இடத்தை எட்டாமல் போகலாம்.

திட உணவு 6 முதல் 8 மணி நேரம் கூடாது. சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும் எப்படி மாற்றுவது என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். பல் செட், கழுத்துச் சங்கிலி எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

உள்ளே நடப்பது இதுதான். குப்புறப் படுக்கவைத்து மயக்க மருந்து கொடுத்து, பக்கவாட்டில் கேமரா உள்ள குழாயை வாய் வழியாக முன்சிறுகுடல் வரை இறக்குவார்கள். பித்தக் குழாயும் கணையக் குழாயும் பெரும்பாலோருக்கு அங்கே ஒரே சிறு மேட்டில்தான் திறக்கின்றன. சிக்கலே இங்கேதான். 0.035 அல்லது 0.025 அங்குல மெல்லிய கம்பியைப் பித்தக் குழாய்க்குள் நுழைக்கப் பார்க்கும்போது அது கணையக் குழாய்க்குள் போய்விடுவதுண்டு. அப்படித் திரும்பத் திரும்பப் போனாலோ அந்த மேடு வீங்கினாலோ கணைய அழற்சி வரும் வாய்ப்பு கூடுகிறது. அதைக் குறைக்கத்தான் 100 மில்லிகிராம் இண்டோமெத்தசின் அல்லது டைக்ளோஃபினாக் மருந்தை ஆசனவாயில் வைக்கிறார்கள். ‘வலி மாத்திரை எதற்கு?’ என்று கூட வந்தவர்கள் கேட்பதுண்டு, அதற்காகத்தான் இந்த விளக்கம்.

கம்பி போனதும் சாயம் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்த்து, பித்தக் குழாயின் வாயை மின்கத்தியால் சிறிது வெட்டி, பலூனோ கூடையோ விட்டுக் கல்லை எடுப்பார்கள். சுமார் 1.5 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கல் எளிதில் வராது. உடைக்க வேண்டும், அல்லது பித்தம் வழிய ஸ்டென்ட் வைத்துவிட்டு இன்னொரு நாள் முயல வேண்டும். ‘கல்லை எடுக்காமலே அனுப்பிவிட்டார்கள்’ என்ற கோபம் அப்போது தேவையில்லை.

பிளாஸ்டிக் ஸ்டென்டின் அளவு பெரும்பாலும் 7 அல்லது 10 பிரெஞ்ச். 3 பிரெஞ்ச் என்றால் 1 மில்லிமீட்டர்; ஆக 10 பிரெஞ்ச் 3.3 மில்லிமீட்டர்தான். உலோக ஸ்டென்ட் விரிந்தால் 8 முதல் 10 மில்லிமீட்டர். எளிதில் அடைக்காது, விலை அதிகம். புற்றுநோய் அடைப்புக்குப் பெரும்பாலும் அதுவே நல்லது. முழுதும் உறையிட்ட உலோக ஸ்டென்டைப் பிறகு எடுக்கலாம். உறையில்லாததில் சதை வளர்ந்து பிடித்துக்கொள்வதால் அதை எடுப்பது மிகக் கடினம்.

பித்தப்பையே வீங்கி, அறுவை தாங்காத உடல்நிலை என்றால் இரண்டு வழி உண்டு. பித்தப்பைக் குழாய் வழியாக இரு முனையும் சுருண்ட 7 பிரெஞ்ச் ஸ்டென்ட் ஒன்று. அந்தக் குழாய் வளைந்து நெளிந்தது, கம்பி போக மறுக்கும். இன்னொன்று, எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி இரைப்பை அல்லது முன்சிறுகுடல் சுவரைத் துளைத்துப் பித்தப்பைக்குள் வைக்கும் உலோக ஸ்டென்ட். பின்னாளில் பித்தப்பையை எடுக்க எண்ணம் இருந்தால் முதல் வழியே நல்லது என்பது எங்கள் கருத்து. இரண்டாவதில் குடலுக்கும் பைக்கும் நடுவே துளை விழுந்து, அறுவை சிரமமாகலாம்.

அன்றிரவு முதுகுக்குப் பாயும் வலியும் வாந்தியும் வந்தால் ‘வாயு’ என்று விடாமல் நர்ஸிடம் சொல்லுங்கள்; கணைய அழற்சியா என்றறிய ரத்தத்தில் லைபேஸ் பார்க்க வேண்டும். வெட்டிய இடத்தில் ரத்தக்கசிவு சில நாள் கழித்தும் வரலாம், மலம் தார்போலக் கறுக்கும். அரிப்பு சில நாளில் குறையத் தொடங்கும். ஆனால் பிலிரூபினில் ஒரு பங்கு அல்புமின் என்ற ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் கண்ணின் மஞ்சள் மறைய வாரக்கணக்காகும்.

பிளாஸ்டிக் ஸ்டென்ட் பழக்கத்துக்கு வந்தது 1979-80 வாக்கில். அன்று தொடங்கிய அடைப்புத் தொல்லை இன்னும் தீரவில்லை: கிருமிப் படலமும் சேறும் உள்ளே படிந்து, சில மாதங்களில் அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் சுமார் 3 மாதத்தில் எடுக்க அல்லது மாற்றச் சொல்கிறோம். வலி போனதும் மறந்துவிடுகிறவர்கள் உண்டு. எடுக்காமல் விட்ட ஸ்டென்டைச் சுற்றிப் புதிதாகக் கல்லே உருவாகிவிடலாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஸ்டென்டின் வகை, அளவு, வைத்த தேதி, எடுக்க வேண்டிய தேதி நான்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதி வாங்குங்கள். போனில் படமும் எடுத்து வையுங்கள். பித்தப்பையில் கல் மிச்சமிருந்தால் பித்தப்பையை அகற்றும் தேதியையும் அன்றே கேளுங்கள், ஸ்டென்ட் அந்தக் கல்லுக்கு மருந்தல்ல.

எடுப்பது பெரும்பாலும் சிறிய வேலை: எண்டோஸ்கோப்பியில் கண்ணியால் பிடித்து இழுப்பார்கள். அந்தத் தேதிக்கு முன்பே குளிர்க்காய்ச்சல் வந்தால் காத்திருக்க வேண்டாம். எந்த ஊர் கேசுவல்டிக்குப் போனாலும் முதலில் ‘பித்தக் குழாயில் ஸ்டென்ட் இருக்கிறது’ என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டைபாய்டு, டெங்கு என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும்.